பொகோட்டா நாட்குறிப்பு: எந்தத் தெருவில் தங்குவது?

புதன்

கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவுக்கு முதன்முறை வருபவர்கள், வாய்ப்பிருந்தால் பகலில் தரையிறங்கும் விமானத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஹூஸ்டனிலிருந்து அக்காவுக்கும் எனக்கும் ஒத்துவந்த விமானம் இரவில்தான் வந்து சேர்கிறது என்பதால், முதல் இரவில் நகருக்குள் போக வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். எல் டொராடோ விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்குச் செல்லும் அவெனீதா எல் டொராடோ என்ற பெருஞ்சாலையின் ஓரத்தில், வணிக வேலையாக வருபவர்களுக்கான பெரிய விடுதிகள் பல இருக்கின்றன. அவற்றுள் சில விமான நிலையத்துக்கு வேன் அனுப்புகின்றன. அப்படி ஒரு விடுதியில் ஒரே ஓர் இரவுக்கு அறை எடுத்தோம். சுற்றிப் பார்க்க அங்கே எதுவும் இல்லை. கட்டணமும் கொஞ்சம் கூடுதல்தான். இருந்தாலும், கையில் பெட்டிகளோடு, தூக்கக் கலக்கத்தோடு, உள்ளூர் சிம் அட்டை இல்லாமல், நாணயத்தின் மதிப்பு இன்னும் மனத்தில் பதியாமல் இருக்கும் அந்த முதல் சில மணி நேரத்தில்தான் பயணி எளிதில் ஏமாற்றப்படுகிறார் என்பதால், அந்தக் கூடுதல் பணத்தை நான் வீண் செலவாகக் கருதவில்லை.

புறப்படுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் ‘செக்-மிக்’ என்ற குடிவரவுப் படிவத்தை இணையத்தில் நிரப்பியிருந்தோம். என்னிடம் அமெரிக்க விசா இருந்ததால் கொலம்பியாவுக்கெனத் தனி விசா தேவைப்படவில்லை. குடிவரவு அதிகாரி இரண்டே கேள்விகள் கேட்டார்: எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள். விடுதியின் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் தாளில் அச்சிட்டுக் கையில் இருந்தது உதவியாக இருந்தது. செல்பேசியில் மட்டும் வைத்திருந்தால், இணைப்பில்லாத அந்த நேரத்தில் தேடிக்கொண்டு நின்றிருப்போம்.

வெளியே வரும் வழியில் ‘டாக்சி, டாக்சி’ என்று அருகே வந்து பெட்டியைத் தொடுபவர்கள் இங்கும் உண்டு. அவர்களோடு நின்று பேசாமல், விடுதி அனுப்பியிருந்த வேனின் எண்ணைச் சரிபார்த்து ஏறினோம். வேன் இல்லாதவர்கள் கட்டிடத்துக்கு வெளியே உள்ள அதிகாரபூர்வ மஞ்சள் டாக்சி வரிசையில் நிற்கலாம்.

அறைக்கு ஏறும் படிகளிலேயே மூச்சு வாங்கியது. நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரம். பொகோட்டா நகரம் கிட்டத்தட்ட அதே உயரத்தில், சுமார் 2,640 மீட்டரில், ஏறத்தாழ 80 லட்சம் மக்களோடு விரிந்து கிடக்கிறது. முதல் நாள் வேகமாக நடக்கக் கூடாது. வயிறு நிறையச் சாப்பிடவும் கூடாது. இரவில் எட்டு, ஒன்பது டிகிரி வரை குளிர் இறங்கும் இந்த ஊரில் பெரும்பாலான விடுதிகளில் அறையைச் சூடாக்கும் வசதி கிடையாது. அதனால் கூடுதல் கம்பளி உண்டா, வெந்நீர் எந்நேரமும் வருமா என்ற இரண்டையும் முன்பதிவின்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வியாழன்

காலை பத்து மணிக்குப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, மீதி நாட்களுக்கான விடுதிக்கு மாறினோம். அந்த விடுதியை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். இந்த நகரில் பாதுகாப்பின் பெரும்பகுதி அறையைப் பதிவு செய்யும்போதே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

பொகோட்டாவின் கிழக்கெல்லை முழுவதும் மலைத்தொடர். அந்த மலைக்கு இணையாகத் தெற்கு வடக்காக ஓடும் சாலைகளைக் கரேரா என்கிறார்கள். மலையடிவாரத்திலிருந்து மேற்கு நோக்கி ஓடுபவை காயே. கரேராக்களின் எண் மலையிலிருந்து விலக விலகக் கூடுகிறது. காயேக்களின் எண் வடக்கே போகப் போகக் கூடுகிறது. ஆகவே ‘காயே 70, எண் 5-23’ என்ற முகவரியைப் பார்த்ததும், அது 70ஆம் காயேயில், 5ஆம் கரேரா வந்து சேரும் முனையிலிருந்து ஏறக்குறைய 23 மீட்டர் தள்ளி இருக்கும் கட்டிடம் என்று வரைபடம் இல்லாமலே சொல்லிவிடலாம். முகவரியின் நடுவே ‘சுர்’ என்று ஒட்டியிருந்தால் அது நகரின் தென்பகுதி. அதே எண்ணுள்ள வடபகுதித் தெருவிலிருந்து வெகுதூரம். வாகன ஓட்டியிடம் முகவரியைச் சொல்லும்போதும் இந்த ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும்.

இந்த எண் முறையைப் புரிந்துகொண்டால் விடுதிப் பட்டியலை வேறு கண்ணோடு பார்க்கலாம். பழைய நகரமான லா கண்டெலாரியா 10ஆம் காயேயைச் சுற்றி இருக்கிறது. அங்கிருந்து வடக்கே வந்தால், 19ஆம் காயேக்கும் 26ஆம் காயேக்கும் இடையே, அவெனீதா கராகஸ் சாலையை ஒட்டிய சாந்தா ஃபே பகுதி வருகிறது. பாலியல் தொழிலும் போதைப்பொருள் விற்பனையும் வெளிப்படையாக நடக்கும் இடம் அது. விடுதிக் கட்டணம் மிகக் குறைவாகவும், நகர மையத்துக்கு நடந்தே போய்விடலாம் என்ற குறிப்போடும் ஓர் அறை கண்ணில் பட்டால், முகவரி இந்த எண்களுக்குள் விழுகிறதா என்று பார்த்துவிட்டு விலகிவிட வேண்டும். மேலும் வடக்கே, சாப்பினேரோ என்ற பெயர் மிகப் பெரிய பரப்பைக் குறிக்கிறது. அதில் 45ஆம் காயேயிலிருந்து 60ஐத் தாண்டும் வரை கராகஸ் சாலையை ஒட்டிய பகுதி இரவில் நடமாட ஏற்றதல்ல; அதே சாப்பினேரோவில் 70ஆம் காயேக்கு அருகே மலையடிவாரத்தில் உள்ள ‘சோனா ஜி’ என்ற உணவகப் பகுதி நகரின் வசதியான இடங்களுள் ஒன்று. முன்பதிவுத் தளங்கள் இரண்டையும் ஒரே பெயரில் காட்டும். பெயரை விட்டுவிட்டு எண்ணைப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

கராகஸ் சாலையை இப்போது தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. பொகோட்டாவின் முதல் மெட்ரோ பாதை அந்தச் சாலையின் மேல் உயர்த்திக் கட்டப்பட்டு வருகிறது. சத்தம், புழுதி, தடுப்புகள், திடீரென இருண்டுபோகும் நடைபாதை என்று எல்லாம் சேர்ந்து கொள்ளும்.

இந்த ஊர்க்காரர்கள் ஒரு பகுதியின் தரத்தைச் சொல்ல ‘எஸ்த்ராத்தோ’ என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். 1994ஆம் ஆண்டின் 142ஆம் எண் சட்டப்படி, குடியிருப்புகள் 1 முதல் 6 வரை அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டு, அதற்கேற்பத் தண்ணீர், மின்சாரக் கட்டணங்கள் விதிக்கப்படுகின்றன. மேலடுக்கில் இருப்பவர் கூடுதலாகக் கட்டி, கீழடுக்கில் இருப்பவரின் கட்டணத்தைத் தாங்குகிறார். ஒரு மனிதர் குடியிருக்கும் தெருவுக்கு அரசே எண் போட்டு வைத்திருப்பது எனக்கு உவப்பாக இல்லை. ஏழைகள் வாழும் இடமெல்லாம் ஆபத்தான இடம் என்ற எண்ணத்தையும் அது வளர்க்கிறது. இருந்தாலும் 4, 5, 6 என்ற எண்ணுள்ள தெருக்களில் காவலாளி, விளக்கு, இரவு திறந்திருக்கும் கடை ஆகிய மூன்றும் இருப்பதற்கான வாய்ப்பு கூடுதல் என்பதை மொழி தெரியாத பயணி கணக்கில் கொள்ளத்தான் வேண்டும்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது கின்தா கமாச்சோ என்ற சிறு பகுதி. 70ஆம் காயேயை ஒட்டி, சிவப்புச் செங்கல்லில் ஆங்கிலேயப் பாணியில் கட்டிய பழைய வீடுகள் நிறைந்த இடம். அவற்றுள் பல இப்போது உணவகங்களாகவும் சிறு விடுதிகளாகவும் மாறியிருக்கின்றன. பதிவு செய்யும் முன் கூகுள் வரைபடத்தின் தெருக்காட்சியில் அந்தத் தெருவின் இருமுனை வரை பார்த்தோம். விடுதிக்கு எதிரே என்ன இருக்கிறது, தரைத்தளங்களில் ஆள் நடமாட்டமுள்ள கடைகளா மூடிய ஷட்டர்களா, இரவு உணவுக்கு நூறு இருநூறு மீட்டருக்குள் இடம் உண்டா என்பவையே எங்கள் கேள்விகள். ‘சி.ஏ.ஐ.’ எனப்படும் சிறிய காவல் சாவடி எங்கே இருக்கிறது என்பதையும் குறித்து வைத்துக்கொண்டோம். விமர்சனங்களைப் படிக்கும்போது, வெளிநாட்டவர் எழுதிய பாராட்டுகளைவிட, கொலம்பியாவின் வேறு ஊர்களிலிருந்து வந்து தங்கியவர்கள் ஸ்பானிய மொழியில் எழுதியவற்றை மொழிபெயர்ப்புச் செயலியில் படித்தது அதிகம் பயன்பட்டது. தெரு இரவில் எப்படி, ஜன்னலில் சத்தம் வருமா, வாசலில் ஆள் இருப்பாரா என்பதை அவர்கள் நேராக எழுதிவிடுகிறார்கள். கொலம்பியாவில் பயணிகளைத் தங்கவைக்கும் ஒவ்வோர் இடமும் தேசிய சுற்றுலாப் பதிவேட்டில் பதிந்து ‘ஆர்.என்.டி.’ எண் பெற்றிருக்க வேண்டும். விளம்பரத்தில் அந்த எண் இல்லாத இடத்தை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டை எடுக்கலாமே என்று அக்கா முதலில் சொன்னாள். அதுவும் நல்ல வழிதான். நல்ல கட்டிடங்களில் இருபத்து நான்கு மணி நேரமும் வாசற்காவலர் இருப்பார்; விருந்தினரின் பெயர் அவரிடம் முன்பே கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடுவதைக் கட்டிடத்தின் விதிகள் அனுமதிக்காத இடங்கள் நிறைய உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ‘உறவினர் என்று சொல்லுங்கள்’ என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டால், சிக்கல் வரும்போது காவலரும் துணைக்கு நிற்க மாட்டார். மொழி தெரியாத இரு பெண்களுக்கு, நடுராத்திரியிலும் ஆள் இருக்கும் வரவேற்பு மேசையே மேல் என்று முடிவு செய்தோம். பட்டியலில் ‘மோட்டல்’ என்று வருபவை இந்த நாட்டில் மணிக்கணக்கில் அறை தருபவை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

விடுதியின் தெருக்கதவில் வெளிப்புறம் கைப்பிடியே இல்லை. மணியை அழுத்தியதும், உள்ளேயிருந்த காவலர் ஓர் உள்ளங்கை அகலமுள்ள கண்ணாடி வழியே பார்த்து, பெயரைக் கேட்டு, கதவைத் திறந்து எங்களையும் பெட்டிகளையும் ஒரு சிறு முகப்புக்குள் விட்டார். தெருக்கதவு பூட்டிக்கொண்ட ஒலி கேட்ட பிறகுதான் உள்ளேயிருந்த கம்பிக் கதவு திறந்தது. இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறப்பதே இல்லை. மேசையில் இருந்த பெண்மணி கடவுச்சீட்டுகளைப் படியெடுத்து, நுழைவு முத்திரையைப் பார்த்து, விவரங்களைக் கணினியில் பதிந்தார். வெளிநாட்டு விருந்தினர் வந்ததையும் போவதையும் குடிவரவுத் துறைக்குத் தெரிவிப்பது இங்கே விடுதியின் கடமை. பிறகு அறை எண்ணை வாயால் சொல்லாமல், சாவி உறையில் எழுதியிருந்ததை எங்கள் பக்கம் திருப்பி விரலால் தொட்டுக் காட்டினார். அருகே வேறு ஒரு விருந்தினர் நின்றிருந்தார். நல்ல விடுதி என்பதற்கு நான் இனி எங்கும் தேடப்போகும் அடையாளம் இது.

தரைத்தள அறை கிடைத்தது. இரண்டாம் மாடிக்கு மாற்றித் தரும்படி கேட்டோம். தெருவைப் பார்த்த ஜன்னலும் வேண்டாம் என்றோம். முகஞ்சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

வெள்ளி

பழைய நகரத்துக்குப் பகலில் போய், வெளிச்சம் இருக்கும்போதே திரும்புவது என்பது இன்றைய திட்டம். நிலநடுக்கோட்டுக்கு வெகு அருகில் இருப்பதால் பொகோட்டாவில் ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியளவில் இருட்டிவிடுகிறது. கோடைக்காலம் என்று சொல்லி மாலையை நீட்டிக்கொள்ள முடியாது. ஆகவே எங்களுக்கு நாள் என்பது ஐந்து மணியோடு முடிந்தது.

சான்டாண்டர் பூங்காவை ஒட்டியுள்ள தங்க அருங்காட்சியகம் திங்கட்கிழமை தவிர மற்ற நாட்களில் திறந்திருக்கும். கொலம்பியாவின் மைய வங்கி 1939இல் தொடங்கிய சேகரிப்பு அது. இப்பகுதியின் பழங்குடிகளான முயிஸ்கா மக்களின் தலைவன் தெப்பத்தில் நிற்கும் சிறு பொன் சிற்பத்தின் முன் அக்கா வெகுநேரம் நின்றாள். 1969இல் பஸ்கா என்ற ஊரின் அருகே ஒரு குகையில் கிடைத்தது. ஒரு சாண் நீளம்தான் இருக்கும், அதற்குள் தலைவனும் அவனைச் சூழ்ந்து நிற்பவர்களும் கம்பி இழையாக வார்க்கப்பட்டிருக்கிறார்கள். அங்கிருந்து பொலிவார் சதுக்கம் வழியாகப் பொத்தேரோ அருங்காட்சியகத்துக்கு நடந்தோம். ஓவியர் ஃபெர்னாண்டோ பொத்தேரோ தம் படைப்புகள் 123ஐயும், தாம் சேகரித்த பிறரின் ஓவியங்களையும் கொடுத்து 2000இல் உருவானது. நுழைவுக் கட்டணம் இல்லை. இந்த நடை முழுவதும் காவலர்களும் மாணவர்களும் நிறைந்த தெருக்கள் வழியாகவே அமைந்தது.

வேலை நாளின் பகலில் கண்டெலாரியா கலகலப்பான இடம். பல்கலைக்கழக மாணவர்கள், அலுவலகம் போகிறவர்கள், பள்ளிக் குழந்தைகளின் வரிசை என்று நிரம்பி வழிகிறது. ஓட்டுக்கூரைகள், மரப் பலகணிகள், நடுவே முற்றம் உள்ள வீடுகள் ஆகியவற்றைப் பார்த்தபோது இங்கே தங்கியிருக்கலாமே என்ற ஆசை எனக்கும் வந்தது. முற்றம் வைத்த ஒரு விடுதிக்குள் சென்று அறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன், காட்டினார்கள். அழகான அறை, நியாயமான கட்டணம், அக்கறையான மனிதர்கள். இரவு உணவுக்கு வெளியே போய் வரலாமா என்று கேட்டதற்கு, மேசையில் இருந்த இளைஞர் கையால் தெருவின் இடது பக்கத்தைக் காட்டி அந்த முனை வரை போகலாம் என்றும், வலது பக்கம் மலை நோக்கி ஏறும் தெருவுக்கு ஏழு மணிக்கு மேல் போக வேண்டாம் என்றும் சொன்னார். அந்த நேர்மைக்கு நான் நன்றி சொன்னேன். மாணவர்களும் அலுவலர்களும் வீடு திரும்பியதும் இந்தத் தெருக்கள் வெறிச்சோடிவிடுகின்றன. கத்தியைக் காட்டிப் பறிப்பவர்கள் அந்த நேரத்தையே எதிர்பார்த்திருக்கிறார்கள். பழைய நகரத்தில்தான் தங்குவேன் என்பவர்கள் சதுக்கத்துக்கும் அருங்காட்சியகங்களுக்கும் அருகே, மலைச்சரிவில் ஏறாத கீழ்ப்பகுதியில் அறை எடுத்து, இருட்டிய பின் வாசலிலிருந்து வாசலுக்கு வண்டியில்தான் போவேன் என்ற ஒழுங்கை வைத்துக்கொண்டால் தங்கலாம். மாலையில் கால்வீசி நடப்பதில் இன்பம் காண்கிறவர்களுக்கு அது ஒத்து வராது.

போலிக் காவலர்களைப் பற்றியும் அந்த இளைஞர் எச்சரித்தார். சாதாரண உடையில் வந்து அடையாள அட்டை போல எதையோ காட்டி, கள்ளநோட்டுச் சோதனை என்று சொல்லிப் பணப்பையைக் கேட்பார்கள். சில சமயம் இன்னொருவர் பயணியைப் போல நடித்துத் தம் பையை முதலில் எடுத்துக் கொடுப்பார். உண்மையான காவலர் தெருவில் நின்று உங்கள் நோட்டுகளை எண்ண மாட்டார். பணப்பையையோ கடவுச்சீட்டையோ கையிலிருந்து விடாமல், சி.ஏ.ஐ. சாவடிக்குப் போகலாம் என்று சொல்லி, பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிட வேண்டும். நாங்கள் வெளியே போகும்போது கடவுச்சீட்டின் நகலைத்தான் எடுத்துச் சென்றோம். அசல் அறையின் பெட்டகத்தில் இருந்தது. அவசர உதவிக்கு 123.

சனி

மழை. பகல் முழுவதும் சிறு வேலைகளில் போனது. வண்டி, பணம், செல்பேசி ஆகிய மூன்றையும் பற்றி இன்று எழுதிவிடுகிறேன்.

தெருவில் கைகாட்டி மஞ்சள் டாக்சியை நிறுத்தக் கூடாது. ‘பசேயோ மியோனாரியோ’ என்று இந்த ஊரே அஞ்சும் குற்றம் அப்படித்தான் தொடங்குகிறது. வண்டி கொஞ்ச தூரம் போனதும் ஏதோ ஒரு முனையில் நிற்கும், இருபுறமும் இருவர் ஏறுவார்கள், பயணியை நடுவே வைத்து ஏடிஎம் ஏடிஎம்மாகக் கொண்டுபோய்ப் பணத்தை எடுக்க வைப்பார்கள். நள்ளிரவு தாண்டினால் மறுநாளுக்கான வரம்பிலும் எடுக்கலாம் என்பதால் மணிக்கணக்கில் வைத்திருந்தவர்களும் உண்டு. விடுதியோ உணவகமோ அழைத்துத் தரும் வண்டியில் ஏறுவதே இதற்கு மாற்று. நேற்று மாலை அருங்காட்சியகத்தின் அருகிலிருந்த உணவகத்தில் அப்படித்தான் செய்தோம். தொலைபேசியில் பேசிய பணியாளர் ஒரு துண்டுத்தாளில் வண்டி எண்ணையும் இரண்டு இலக்கங்களையும் எழுதிக் கொடுத்தார். வண்டி வந்ததும் ஓட்டுநர் அந்த இரு இலக்கங்களைக் கேட்டார்; சொன்ன பிறகுதான் கிளம்பினார். கதவில் பெரிதாக எழுதியிருந்த எண்ணும் தாளில் இருந்ததும் ஒன்றா என்று அக்கா குடையைப் பிடித்தபடி ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துவிட்டே ஏறினாள்.

செயலி வழியாக வரும் கார்களையும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். டாக்சித் தரப்பினர் தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பினால் 2020 பிப்ரவரித் தொடக்கத்தில் ஊபர் சேவையை நிறுத்தி, அதே மாதத்தில் வாடகைக் கார் போன்ற வேறொரு முறையில் திரும்பி வந்தது. இவ்வகைக் கார்களின் சட்ட நிலை இன்னும் தெளிவாக இல்லாததால், காவலர் கண்ணில் படாதிருக்க ஓட்டுநர் சில நேரம் ஒருவரை முன்னிருக்கையில் உட்காரச் சொல்வார். இது தெரியாதவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அந்த வேண்டுகோள் அச்சத்தைத் தரும். இருவராகப் போனபோது அக்கா முன்னால் அமர்ந்தாள். தனியாகப் போயிருந்தால் நான் விடுதி அழைக்கும் டாக்சியையே நாடியிருப்பேன்.

பணத்தை ஆண்டினோ போன்ற பெரிய வணிக வளாகத்தின் உள்ளே இருக்கும் ஏடிஎம்மில், பகலில், அன்றன்றைக்கு வேண்டிய அளவு எடுத்தோம். வங்கியில் பெரிய தொகை எடுப்பவரை உள்ளிருந்தே நோட்டமிட்டு, மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்து பறிப்பதற்கு இங்கே ‘ஃப்ளேத்தியோ’ என்று தனிப் பெயரே இருக்கிறது. எடுத்த பணத்தோடு உடனே வெளியே வராமல், வளாகத்துக்குள்ளேயே ஒரு காபி குடித்துவிட்டு, அங்கேயே வண்டியில் ஏறினோம்.

செல்பேசியைத் தெருவில் கையில் பிடித்துக்கொண்டு வழி பார்ப்பது கூடாது. வரைபடம் பார்க்க வேண்டுமென்றால் கடைக்குள் நுழைந்து பார்த்தோம். காரில் போகும்போதும் ஜன்னல் கண்ணாடி மூடியே இருந்தது; சிக்னலில் நிற்கும் நேரம் கையை நீட்டிப் பறித்துவிடுவார்கள். 2000 டிசம்பரில் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ பேருந்துச் சேவை தனித் தடத்தில் விரைவாகச் செல்லும் நல்ல சேவைதான். நெரிசல் நேரத்தில் ஏறாமல், பையை முன்னால் மாட்டிக்கொண்டு பகல் பதினொரு மணிக்குப் போனால் அச்சப்பட ஒன்றுமில்லை.

இரவு விடுதிக்கு எதிரிலேயே சாப்பிட்டோம். மதுக்கூடங்களுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பானத்தில் ஸ்கோபொலமின் என்ற மருந்தைக் கலந்து கொடுப்பது பொகோட்டாவில் உண்மையான ஆபத்து. நம் ஊர் ஊமத்தைக்கு உறவான, மணிமணியாகத் தொங்கும் பூக்களையுடைய ஒரு செடியிலும் அது இருக்கிறது. அந்தச் செடியை இங்கே வீட்டுத் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கிறார்கள். மருந்து ஏறியவர் விழித்திருப்பவர் போலவே தோன்றுவார், சொன்னதைச் செய்வார், மறுநாள் எதுவும் நினைவிருக்காது. அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. அறிமுகச் செயலிகள் வழியாகச் சந்தித்தவரை அறைக்கு அழைத்து வந்து இதற்கு இரையான வெளிநாட்டவர் பலர். நல்ல விடுதிகளில், விருந்தினரைப் பார்க்க வருபவரின் அடையாள அட்டையை வாங்கிப் பதிந்த பிறகே மேலே விடுகிறார்கள். அதைக் கெடுபிடி என்று எண்ணி முறைப்பட்டுக்கொள்ளும் பயணிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதிவேடுதான் அவர்களுக்கான காவல்.

ஞாயிறு

இந்த ஊரில் கவலையில்லாமல் நடக்க ஞாயிறு காலையைப் போல வேறு பொழுது இல்லை. 1974இல் தொடங்கிய சிக்லோவியா என்ற ஏற்பாட்டின்படி ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் காலை ஏழு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை 120 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகளில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டு, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் திறந்துவிடுகிறார்கள். ஏழாம் கரேரா எங்கள் விடுதிக்கு அருகில்தான் ஓடுகிறது. பாட்டிமார்கள், நாய்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், சைக்கிள் பழகும் குழந்தைகள் என்று சாலை நிறைந்திருந்தது. அடையாளச் சட்டை அணிந்த சிக்லோவியா பணியாளர்கள் குறுக்குச் சாலைகளில் கயிறு பிடித்து நின்றார்கள். அந்தக் கூட்டத்தோடு வடக்கே நடந்து, களைத்த இடத்தில் வண்டி பிடித்து, 119ஆம் காயேயை ஒட்டியுள்ள உசாக்கேனின் ஞாயிறு சந்தைக்குப் போனோம். 1954 வரை அது தனி ஊராக இருந்தது. இன்றும் தேவாலயமும் சதுக்கமுமாகச் சிற்றூரின் சாயல் மாறவில்லை. அமைதியை விரும்பி, தினமும் காரில் வர ஆகும் நேரத்தைப் பொருட்படுத்தாதவர்கள் இங்கேயே தங்கலாம். பழைய நகரத்துக்கு நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும்.

மொன்செராத்தே மலைக்கு அதிகாலையிலேயே போய் வந்திருந்தோம். 3,152 மீட்டர் உயரத்திலுள்ள தேவாலயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பக்தர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். 1929 முதல் இயங்கும் மலை ரயிலும், 1955 முதல் இயங்கும் கம்பி வண்டியும் இருக்கின்றன. நடைபாதையில் ஏற விரும்பினால் கூட்டம் இருக்கும் காலை நேரத்தில் ஏறலாம். பழைய நகரத்திலிருந்து அடிவார நிலையம் வரையுள்ள சிறு தொலைவை நடந்து கடப்பதுதான் தவிர்க்க வேண்டியது; வழிப்பறி அதிகம் நடக்கும் இடம் என்று ஊர்க்காரர்களே சொல்கிறார்கள். நிலையத்தின் வாசல் வரை வண்டியில் போய், திரும்பும் வண்டியையும் அந்த வாசலிலிருந்தே அழைத்தோம்.

திங்கள்

கணக்குத் தீர்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. கொலம்பியாவில் குடியிருக்காத வெளிநாட்டவருக்கு விடுதி அறைக் கட்டணத்தின் மீதான 19 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி விலக்கப்படுகிறது. கடவுச்சீட்டில் சுற்றுலாப் பயணிக்கான நுழைவு முத்திரை இருக்க வேண்டும். முன்பதிவுத் தளம் காட்டிய தொகையில் வரி சேர்ந்திருந்ததா என்று பார்த்து, சேர்ந்திருந்தால் நீக்கச் சொல்லலாம். எங்கள் பட்டியலில் அது முன்பே நீக்கப்பட்டிருந்தது. ‘விடுதிக் காப்பீடு’ என்ற பெயரில் ஒவ்வோர் இரவுக்கும் ஒரு சிறு தொகை இருந்தது. அது விருப்பத்தின் பேரில் கட்டுவது. வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்கள். மலையுயரத்தில் மூச்சுத் திணறல் வந்தால் மருத்துவருக்கு அது உதவும் என்பதால் நாங்கள் கட்டினோம். உணவகங்களில் சேர்க்கப்படும் பத்து விழுக்காடு அன்பளிப்பும் கட்டாயமில்லை. சேர்க்கலாமா என்று கேட்ட பிறகே சேர்க்கிறார்கள்.

வேலை நாளின் காலையில் அவெனீதா எல் டொராடோவில் நெரிசல் இருக்கும் என்பதால், விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்னதாக வண்டியை அழைக்கும்படி மேசையில் சொன்னோம். துண்டுத்தாளில் எண் எழுதித் தந்தார்கள். முதலில் கம்பிக் கதவு, அது பூட்டிய பின் தெருக்கதவு. காவலர் வெளியே வந்து நின்று, வண்டி எண்ணைத் தாமே ஒருமுறை பார்த்து, பெட்டிகளை ஏற்றி, நாங்கள் உள்ளே அமர்ந்து கதவைச் சாத்திய பிறகு கையசைத்துவிட்டு உள்ளே போனார்.